"போதும்" என்றது ஓர் உண்டியல்

கொடுக்க வந்தவரை நோக்கி, "போதும், இனி வேண்டாம்" என்று கூறிய தர்ம ஸ்தாபனத்தை நீங்கள் கண்டதுண்டா? 2005 ஜனவரி முதல் வாரத்தில் அத்தகைய அதிசயம் ஒன்று நிகழ்ந்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நமது கரையோரங்களைச் சூறையாடியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகமெங்கும் மக்கள் மனமிரங்கிப் பணத்தை அள்ளிக் கொடுத்தனர். அந்த வேளையிலேதான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் ஸ்தாபனம், ஆழிப்பேரலைக்கென இனிப் பணம் அனுப்பவேண்டாம் என்று அறிவித்தது.

இந்த ஸ்தாபனம் 1971இல் பாரிஸ் நகரில் வைத்தியர்களாலும் பத்திரிகையாளர்களாலும் தொடங்கப்பட்டது. 1999இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றது. போர்க்காலத்தில் பருத்தித்துறை வைத்தியசாலையில் இதன் வைத்தியர்கள் பணியாற்றியதை வடபகுதி மக்கள் அறிவர்.

பணத்தை மறுத்தது ஏன்? பேரலை பலரைக் கொன்றது. ஆனால் உயிர் தப்பியோருள் பெருங்காயமுற்றோர் ஒப்பளவிற் குறைவு. உள்ளூர் வைத்தியர்களும் விரைந்து உதவினர். எஞ்சிய பெரும்பணி வீடுகளையும் ஊர்களையும் மீளக் கட்டுவதாகும். அது அவசர வைத்தியம் செய்வோரின் தொழிலன்று. செய்யவேண்டிய வேலைக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது.

மேலதிகப் பணத்தைப் பேசாமல் வேறு காரியத்துக்குத் திருப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் நாணயம் சோதிக்கப்படுகிறது. இன்ன காரியத்துக்கென்று கொடுத்த பணம் அந்தக் காரியத்துக்கே உரியது. ஆகவே கொடுத்தவர்களிடமே அநுமதி கேட்டார்கள். பிற ஸ்தாபனங்கள் சில முகஞ் சுளித்தன. மக்களின் ஈகை வற்றிவிடுமென அஞ்சின. ஆனால் கொடுத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மனமுவந்து இசைந்தனர்.

அப்பணம் சென்ற இடங்களுள் ஒன்று ஆபிரிக்காவிலுள்ள நைஜர் நாடு. 2005இல் அங்கே குழந்தைகள் பசியால் வாடியபோது, அவர்களைப் படம் பிடிக்க உலகம் பிந்தியே வந்தது. கச்சானை அரைத்துப் பால்மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள் சேர்த்துச் செய்த பசை பொதிகளில் வழங்கப்பட்டது. தாய்மார் அதனை வீட்டிலேயே ஊட்டினர். அவ்வாண்டில் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகள் இந்த ஸ்தாபனத்திடம் சிகிச்சை பெற்றனர்.

இதன் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு அரசாங்கங்களிடமிருந்து வருவதன்று. பல இலட்சம் தனிமனிதர் சிறுகச் சிறுகத் தருவது. ஆயுதம், புகையிலை விற்கும் கம்பனிகளிடம் கை நீட்டுவதில்லை. அகதிகள் விடயத்தில் ஐரோப்பிய அரசுகள் கைக்கொண்ட கொள்கையைக் கண்டித்து, 2016இல் அவ்வரசுகளின் பணத்தையும் மறுக்க முடிந்தது இதனாலேயே.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். நூறு ரூபா கொடுத்தால் ஏறத்தாழ 80 ரூபா நோயாளருக்கான பணிகளைச் சேர்கிறது. மீதியிற் பெரும்பகுதி நிதி திரட்டும் செலவு. சிறுபகுதி நிர்வாகச் செலவு. "இருபது ரூபா வீணா?" என்று பதறவேண்டாம். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அதைப் பரிசோதிக்கவும் செலவுண்டு. செலவே இல்லையென்று சொல்பவரிடம் கணக்கும் இல்லாதிருக்கலாம்.

மாணவர்களே, நாளை உங்கள் முன் ஓர் உண்டியல் நீட்டப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரிடம் வாங்குகிறீர்கள்? எதற்குச் செலவிடுகிறீர்கள்? மிஞ்சினால் என்ன செய்வீர்கள்? பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றனர் பெரியோர். பாத்திரமும் தன் கொள்ளளவை அறிந்திருத்தல் வேண்டும்.