சட்டமும் சிறுவரும் – 11: ஒத்தவாடைத் தெருவில் 20ஆம் பிரிவு

குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததென்று அறிந்தவரும், நேரக்கூடுமென்று அஞ்சுபவரும் போலீஸில் சொல்லியே தீர வேண்டும் என்னும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதாக வாக்களித்திருந்தேன். அடுத்த பிரிவு என்னை மாமல்லபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்றே அமலுக்கு வந்த அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, பத்திரிகை, ஓட்டல், லாட்ஜ், மருத்துவமனை, கிளப், ஸ்டூடியோ என்று பெயர் பெயராகச் சொல்லி, குழந்தையைப் பாலியல் ரீதியில் சுரண்டும் படமோ பொருளோ எவ்வழியில் கண்ணில் பட்டாலும் அங்குள்ளோர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும் என்று விதிப்பதோடு நில்லாமல், வேலையாட்கள் எத்தனை பேராயினும் சரி என்றும் சேர்த்துவிடுகிறது. வாரம் முழுவதும் என் சிந்தையை ஆக்கிரமித்தது இந்தச் சிறு சேர்க்கைதான். மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் மாடியில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுக் கீழே தாமே மேஜை போட்டு உட்காரும் வீட்டுக்காரரும், வெண்ணெய் உருண்டைக் கல்லைக் கையால் தாங்குவதுபோல் நிற்கச் சொல்லிப் படமெடுக்கும் தனி ஆளான போட்டோகிராபரும், இதன்படி நட்சத்திர ஓட்டல் மானேஜருக்குச் சமதையான பொறுப்புடையவர்கள். அயல்நாட்டார் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய படிவம் அனுப்ப வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அத்தெருவில், தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரக்கூடிய இந்தக் கடமையை எத்தனை பேர் அறிவர் என்பது சந்தேகமே.

குழந்தைச் சட்டங்களோடு மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்ள சம்பந்தம் புதிதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக 1920இல் சென்னை மாகாணம்தான் குழந்தைகளுக்கென்று சட்டம் இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. அதற்கும் முன்பே செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி இருந்தது. குற்றம் செய்த பிள்ளையையும் திக்கற்ற பிள்ளையையும் எங்கே வைப்பது என்பதே அக்காலத்தாரின் விசாரம். கண்டும் வாய் திறவாத பெரியவரைக் கூண்டிலேற்ற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது!

இணையத்திலும் இதே கதைதான். அம்பத்தூர் வழக்கொன்றில், குழந்தையைப் பாலியல் ரீதியில் சுரண்டும் படங்களைத் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சமூக ஊடக நிறுவனங்கள் அவற்றை நீக்கினால் மட்டும் போதாது, போலீஸுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றது. உலகளாவிய கம்பெனிகளை நாலறை லாட்ஜுக்காரரின் பக்கத்தில் உட்கார வைத்ததில் எனக்குத் தனியொரு திருப்தி.

பள்ளிக்கூடமா? தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிர்வாகிக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது. ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே’ என்ற சமாதானம் அதன்முன் எடுபடுமா என்பதையும், 2021 ஜூனில் கேளம்பாக்கத்துப் பள்ளியொன்றின் முன்னாள் மாணவியர் கொடுத்த புகார்களையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.