கடுகுக் கீரை: தாளிக்கிற கடுகிலேயே இருக்கிறது விதை

கடுகு என்றாலே நமக்குத் தாளிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் பஞ்சாபில் குளிர்காலம் முழுக்க மக்காச்சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இதன் இலையைத்தான் கடைகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘சர்சோன் கா சாக்’. அசாமில் ‘லாய் சாக்’ என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். நம்ம ஊர்ச் சந்தையில் அரைக்கீரையும் சிறுகீரையும் கிடைக்கிற மாதிரி கடுகுக் கீரை கிடைப்பதில்லை. வேணும்னா நாமதான் வளர்க்கணும்.

சில வருசமாக மார்கழி, தை மாதங்களில் வீட்டுத் தேவைக்கு இதை வளர்த்து வருகிறேன். வளர்க்கச் சுலபமான கீரை இது. பருவமும் பூச்சியும் தெரிஞ்சா போதும்.

விதை

விதைப் பாக்கெட் தேடி அலைய வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கிற சின்னக் கடுகே போதும். பழைய சரக்காக இருந்தால் முளைக்காது என்பதால் முதலில் சோதிச்சுப் பாருங்க. இருபது கடுகை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். நாலைந்து நாளில் பதினைந்துக்கு மேல் முளை விட்டால் தாராளமாக விதைக்கலாம். பாதிகூட முளைக்கவில்லை என்றால் அது தாளிக்க மட்டும்தான்.

பருவம்

கடுகு குளிர் விரும்பி. வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குப் போய்விடும். இலையும் முரடாகிக் கசக்கும். நம்ம சமவெளியில் ஐப்பசி அடைமழையில் விதைத்தால் சின்ன விதை அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சியது அழுகிவிடும். மழை ஓய்ந்து, கார்த்திகை பாதியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் விதைக்கலாம். மொத்தமாக விதைக்காமல் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் தொடர்ந்து கீரை கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கெடுபிடி கிடையாது, உறைபனிக் காலத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

மண்ணும் விதைப்பும்

முக்கால் அடி ஆழமுள்ள தொட்டி, பை, பழைய டப் எதுவானாலும் சரி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கணும். செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து, பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்குப் போடுங்க. பச்சைச் சாணம் வேண்டாம்.

அரை தேக்கரண்டி கடுகை இரண்டு பிடி மணலோடு கலந்து பரவலாகத் தூவி, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் மண்ணால் மூடுங்கள். நான்கைந்து நாளில் முளைத்துவிடும். நெருக்கமாக முளைத்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் அரை சாண் இடைவெளி விட்டு மற்றதைக் களைந்துவிடணும். களைந்த பிஞ்சுகளும் கீரைதான், தூக்கிப் போடாதீங்க.

காலையில் வேரோரம் தண்ணீர் விடுங்கள். மண் காய்ந்து காய்ந்து நனைந்தால் இலையில் காரம் கூடும். வாரம் ஒரு தடவை அமுதக்கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினாலே செடி தளதளவென்று வரும். நம் இலைக்கு நாம் சாப்பிடப்போகிறவர்கள் என்பதால், சாணம் கலந்த கரைசல் எதையும் இலைமேல் தெளிக்காமல் மண்ணுக்கே கொடுப்பது நல்லது.

பூச்சி

கடுகு இருக்கிற இடத்துக்கு அசுவினி தானாக வரும். அதுவும் மார்கழி, தை பனியில் இலையின் அடிப்பக்கம் கும்பலாக ஒட்டிக்கொள்ளும். பார்த்த உடனே மருந்தைத் தேடாமல், காலையில் இலையைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பாதி போய்விடும். மிச்சத்துக்கு மெல்லிய அடுப்புச் சாம்பல் தூவலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். தெளித்தால் ஒரு வாரம் கீரை பறிக்கக் கூடாது. பொறிவண்டு கண்ணில் பட்டால் எதையும் தெளிக்காதீங்க. அசுவினியை அதுவே பார்த்துக்கொள்ளும். இலையை ஓட்டை போடும் கறுப்புப் புழுவைக் காலை வேளையில் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

பூச்சி தேடி வருகிற இந்தக் குணமே இன்னொரு விதத்தில் நமக்கு உதவி. முட்டைக்கோசு வயலில் இருபது, இருபத்தைந்து வரிசைக்கு ஒரு வரிசை கடுகு விதைத்தால் வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போகும், கோசு தப்பிக்கும். வீட்டில் காலிஃபிளவர் வைத்திருப்பவர்களும் ஓரத்தில் நாலு கடுகுச் செடி விடலாம்.

அறுவடையும் சமையலும்

இருபத்தைந்து, முப்பதாம் நாளிலிருந்து வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்க. நடுக்குருத்தை விட்டுவிட்டால் நாலைந்து தடவை பறிக்கலாம். காரம் பழகாதவர்கள் பாதி சிறுகீரை, பாதி கடுகுக் கீரையாகச் சேர்த்துப் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கூட்டு வைத்தால் குழந்தைகளும் சாப்பிடும். தைராய்டு தொந்தரவு இருப்பவர்கள் பச்சையாகச் சாப்பிடாமல் வேகவைத்து, எப்போதாவது சேர்த்துக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளணும்.

ஐந்து செடியைக் கிள்ளாதீங்க

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். நல்லா வளர்ந்த ஐந்து செடியைக் கீரைக்குத் தொடாமல் பூக்க விடுங்கள். மஞ்சள் பூவுக்குத் தேனீ வரும். பூத்திருக்கும்போது எதுவும் தெளிக்காதீங்க. விதைத்து மூன்று, மூன்றரை மாதத்தில் காய் மஞ்சளாகும். வெடிப்பதற்கு முன்னால், பனி ஈரம் இருக்கிற காலையிலேயே செடியோடு அறுத்து, துணியில் போட்டுக் காயவைத்துத் தட்டினால் அடுத்த வருசத்துக்கு விதை தயார்.

கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற கடுகுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். 2022 அக்டோபரில் மரபணு மாற்றக் கடுகான டி.எம்.எச்-11-ஐ வயலில் விட ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தது. குளூபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு அதில் இருக்கிறது. களைக்கொல்லி அடித்தாலும் கடுகு சாகாது என்றால், அடிக்கத்தான் தோன்றும். மருந்து விழுந்த அந்த இலையைத்தானே கீரையாகப் பறிப்பார்கள்? களை பறித்துக் கூலி வாங்கும் பெண்களுக்கு வேலை எங்கே? தேன் எடுக்க வருகிற பூச்சிகளின் கதி என்ன? அது வீரிய ஒட்டு ரகம் என்பதால் எடுத்த விதையைத் திரும்ப விதைத்தால் பயிர் ஒரே மாதிரி வராது, வருசா வருசம் கம்பெனியிடம்தான் போய் நிற்கணும்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் அனுமதியை ரத்து செய்தார், இன்னொருவர் செல்லும் என்றார். மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அந்தக் கொள்கை வகுக்கிற இடத்தில் உழவர் குரல் கேட்கணும். அதற்கு நாம் சங்கமாகப் பேசுவோம்.

விதை நம் கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கும் வலு. கடுகு விதையைச் சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஐந்து செடியில் கிடைக்கிற விதை ஒரு வீட்டுக்குத் தேவைக்கு மேலேயே இருக்கும். மிச்சத்தை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பொட்டலம் கட்டிக் கொண்டுவாங்க, மாற்றிக்கொள்வோம்.