மாசியிலேயே போட வேண்டிய மனு

மன்னார்குடி ஹரித்ரா நதிக் கரையில் ஒரு மாலை. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் மகனுக்குப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினார் ஒரு விவசாயி. "படிப்பு முடிஞ்சா அங்கேயே வேலை பாக்கலாம்னு இதுல எங்க சார் போட்டிருக்கு?" நஞ்சைப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை அனுப்பியவர்.

அவர் தேடியது அதில் இல்லை. அந்த அனுமதி தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். ஓபிடி என்று மாணவர்கள் சொல்லும் அது, எஃப்-1 விசாவில் படித்தவர் தன் துறையிலேயே 12 மாதம் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த 3,31,602 இந்திய மாணவர்களில் 97,556 பேர் இந்த அனுமதியில்தான் இருந்தார்கள்.

மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ வைத்துப் பின்னோக்கி எண்ணி நாற்றங்கால் விடுகிறவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் பிடிபடும். படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை மனுப் போடலாம். மே 15-இல் படிப்பு முடிந்தால் பிப்ரவரி 14-இல் கதவு திறக்கிறது, ஜூலை 14-இல் மூடுகிறது. நம் ஊரில் சம்பா அறுவடை ஓயும் மாசி மாதமே அங்கே மனுவுக்கான மாதம். முதலில் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலர் பரிந்துரைக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஐ-765 மனு போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் இருந்துகொண்டுதான் மனுச் செய்ய முடியும் என்பதால், பட்டம் வாங்கிய கையோடு ஊருக்கு வந்து குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது அனுமதியின் தொடக்கத் தேதியில். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் ஏதாவது ஒரு நாளை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். அனுமதி தொடங்கியபின் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். வேலை கையில் இல்லாதவர் தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது என்பேன்; தேடுவதற்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். படிக்கும்போதே துறைசார் பயிற்சி என்று 12 மாதம் முழுநேரம் வேலை பார்த்தவருக்கோ ஓபிடியே கிடையாது.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. வேலை தரும் நிறுவனம், பணியாளரின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் பதிந்திருக்க வேண்டும். படிப்பு இந்த நீட்டிப்புக்கான பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஐ-20-இன் முதல் பக்கத்தில், பாடப் பெயரை ஒட்டி நிற்கும் குறியீட்டு எண்தான் சொல்லும். சேருமுன்பே பார்க்க வேண்டிய எண் அது. அதன்பின் அங்கே வேலையில் தொடர உதவும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடங்களே இருப்பதால் குலுக்கல்தான்; ஓராண்டு அனுமதியோடு நிற்பவருக்கு அதில் ஒன்றிரண்டு வாய்ப்புக்கு மேல் கிடைப்பது அரிது.

இங்கே கடனுக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் பிறகு ஓராண்டும்தான் தவணை விலக்கு. அதற்குள்ளும் வட்டி ஏறும். ஓபிடியின் 12 மாதமும் இந்த ஓராண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தீரும்.

செல்போனில் அந்த ஐ-20 படத்தை இன்னும் பெரிதாக்கினோம். 11.0701. கணினி அறிவியல், பட்டியலில் இருக்கிறது. மகனுக்கு மே மாதத்தில் படிப்பு முடிகிறது என்றார். பிப்ரவரித் தேதியைச் சட்டைப்பையில் இருந்த உரக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.