அன்பும் அறிவும்

நுழையும்முன்

பசித்த உயிருக்கு உணவிடுதல் தமிழர் போற்றிய அறம். எவ்வுயிருக்கு எவ்வுணவு ஏற்றது என அறிந்து இடுதலும் அவ்வறத்தின் பகுதியே ஆகும்.

மலைவலமும் அன்னதானமும்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாள்களில் அடியவர்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகின்றனர். வழியில் அவர்களுக்குச் சாம்பார் சோறு, தக்காளிச் சோறு முதலியன அன்னதானமாக வழங்கப்படுகின்றன. உண்டது போக எஞ்சியதைத் தெருநாய்களுக்கு இடுவோரும் உளர். விலங்குகளிடம் காட்டும் பரிவு இவ்வூருக்குப் புதிதன்று. இரமணர் ஆசிரமத்தில் இலட்சுமி என்னும் பசுவுக்கும் ஜாக்கி என்னும் நாய்க்கும் எழுப்பப்பட்ட சமாதிகளை இன்றும் காணலாம். ஆயினும், பரிவோடு இடும் சோற்றில் கலந்துள்ள வெங்காயம் நாயின் குருதிக்கு நஞ்சாகக்கூடும்.

குருதியில் நிகழ்வது

வெங்காயத்தில் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. நறுக்கும்போதும் மெல்லும்போதும் இவை வேறு சேர்மங்களாக மாறுகின்றன. குருதியில் கலந்ததும் அவை சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்கின்றன. மனிதரின் சிவப்பணுக்கள் இத்தாக்குதலைத் தாங்கவல்லவை. நாயின் சிவப்பணுக்களில் அத்தகைய பாதுகாப்புக் குறைவு. எனவே ஈமோகுளோபின் சிதைந்து, அணுவின் உறையில் சிறுசிறு திரள்களாக ஒட்டிக்கொள்கிறது. 1890இல் இவற்றை விளக்கிய ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இத்திரள்கள் ‘ஹைன்ஸ் உடல்கள்’ எனப்படுகின்றன. இவை தோன்றிய அணுக்கள் நெகிழ்வை இழந்து உடைகின்றன. எஞ்சியவற்றை மண்ணீரல் அழிக்கிறது. விளைவு, இரத்தசோகை. வெங்காயம் உண்ட நாய்களுக்கு இரத்தசோகை உண்டாவதை அமெரிக்க ஆய்வாளர் செப்ரல் 1930இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அளவும் அறிகுறியும்

நாயின் உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வெங்காயம் தீங்கு தரும். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 50 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு சிறிய பெரிய வெங்காயமே. சிறிது சிறிதாகத் தொடர்ந்து உண்டாலும் கேடு விளையும். வேகவைத்தாலும் வதக்கினாலும் உலர்த்திப் பொடியாக்கினாலும் நச்சுத்தன்மை நீங்குவதில்லை.

இக்கேடு உடனே புலப்படாது. சில நாள்கள் கழித்தே சோர்வு, வெளிறிய ஈறு, விரைந்த மூச்சு, செம்பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றும். அதற்குள் சோறிட்டவர் தம் ஊர் திரும்பியிருப்பார். தம் செயலின் விளைவை அவர் அறியவே வாய்ப்பில்லை. இந்நஞ்சுக்கெனத் தனி முறிமருந்து இல்லை. உண்ட சில மணி நேரத்திற்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால் நஞ்சு பரவுவதைக் குறைக்கலாம். நோய் முற்றினால் குருதியேற்ற நேரிடும்.

வெங்காயமும் பூண்டும் சேராத வெறுஞ்சோறும் தூய நீரும் வைத்தாலே நாயின் பசி தணியும். அன்போடு அறிவும் சேரும்போதே ஈகை முழுமை பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியன ‘அல்லியம்’ என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றால் நாயைவிடப் பூனை எளிதில் பாதிக்கப்படும்.