29 வயதில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம்

"தினமும் மூச்சு வாங்க ஓடினால்தானே சார் ஜெயிக்க முடியும்?" என்று மாணவர்கள் கேட்கும்போது, நான் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கனைப் பற்றிச் சொல்வேன்.

குறுக்குநாட்டுப் பனிச்சறுக்கு, மலையுச்சியிலிருந்து சரிந்து இறங்கும் விளையாட்டு அல்ல. காலில் நீண்ட, மெல்லிய பலகைகள். கைகளில் இரண்டு கோல்கள். ஏற்றம், இறக்கம், சமதளம் என எல்லாவற்றையும் சொந்த வலுவில் கடக்க வேண்டும். பியோர்கன் காலத்தில் பெண்களுக்கான மிக நீண்ட ஒலிம்பிக் போட்டி 30 கிலோமீட்டர்.

1980இல் பிறந்த அவர், 2005, 2006 ஆகிய இரு பருவங்களிலும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்த வெற்றியாளர். ஆனால், 2006 டுரின் ஒலிம்பிக்கில் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி. முதல் ஒலிம்பிக் தங்கம் 2010இல் வான்கூவரில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 29. அங்கே மட்டும் மூன்று தங்கம்! 2015 டிசம்பரில் தாயானார். 2017 உலகப் போட்டியில் நான்கு தங்கம் வென்றார். 2018இல் ஓய்வு பெற்றபோது அவரிடம் 15 ஒலிம்பிக் பதக்கங்கள் இருந்தன. அவற்றில் எட்டு தங்கம். குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை வேறு யாரும் அத்தனை பதக்கங்கள் பெற்றதில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்த நார்வே ஆய்வாளர்கள் 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். 20 வயதில் ஆண்டுக்கு 522 மணி நேரமாக இருந்த பயிற்சி, 35 வயதில் 940 மணி நேரமாக உயர்ந்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15 ஆண்டுகளில் 418 மணி நேரம். சராசரியாகப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே கூடியிருக்கிறது. இன்னொன்று: அவருடைய தாங்குதிறன் பயிற்சியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மிதமான வேகத்தில் நடந்தது. மூச்சு முட்டும் பயிற்சி சிறு பங்குதான். உடல் களைப்பிலிருந்து மீண்டால்தான் மறுநாளும் பயிற்சி செய்ய முடியும்.

நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 2007இல் ஏற்ற விதிகளில், 11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரவரிசைப் பட்டியல் கூடாது என்று உள்ளது. சிறு வயதில் முந்துபவரே பின்னாளிலும் முந்துவார் என்று சொல்ல முடியாது. பின்தங்கும் குழந்தை சீக்கிரமே மைதானத்தை விட்டு விலகிவிடக் கூடாது.

பள்ளி விளையாட்டு விழாவுக்கு அணி தேர்ந்தெடுக்கும்போது, ஆறாம் வகுப்பிலேயே "இவனுக்கு வராது" என்று நாம் ஒதுக்கிவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, ஓடிய நிமிடங்களை நாள்தோறும் எழுதச் சொல்லலாம். கணித ஆசிரியர் அதிலிருந்தே சராசரியும் விழுக்காடும் கற்பிக்கலாம். மாத முடிவில் அடுத்தவர் குறிப்பேட்டோடு ஒப்பிடாமல், அவரவர் சென்ற மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடச் செய்யுங்கள்.