நிர்வாகிகளின் சம்பளம்

அருள்புரத்தில் பனியன் தைக்கும் தொழிலாளர் பலருக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. உருப்படி குறைந்தால் கூலியும் குறையும். இதில் ஒளிவு மறைவு இல்லை. பெரிய கம்பெனிகளை நடத்துவோரின் ஊதியத்துக்கு அளவுகோல் யாது என்று கேட்கும்போதுதான் விவகாரம் சிக்கலாகின்றது.

இக்கேள்வி நமது ஜவுளித் தொழிலுடன் கூடவே பிறந்தது எனலாம். பம்பாயில் பஞ்சாலைகள் தோன்றிய காலத்தில் மானேஜிங் ஏஜெண்டுகள் பலர், உற்பத்தியான நூலுக்கு ராத்தல் ஒன்றுக்குக் கால் அணா வீதம் கமிஷன் பெற்றனர். ஆலைக்கு லாபமோ நஷ்டமோ, கமிஷன் தவறாது. ஆகவே, விலை போகாத நூலையும் நூற்றுக் குவிப்பது ஏஜெண்டுக்கு ஆதாயமாயிற்று. பங்குதாரருக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. 1936-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் புதிய ஏஜெண்டுகளின் ஊதியத்தை நிகர லாபத்துடன் பிணைத்தது. 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பொதுக் கம்பெனிகளில் நிர்வாகிகள் அனைவருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 11 சதவிகிதம் என்று வரம்பு கட்டியது. 1970-இல் ஏஜென்சி முறையே ஒழிந்தது.

வரம்பு கட்டினால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் 1993-இல், 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு வரிச் சலுகை இல்லை என்றனர். ஆனால் திறமைக்கு ஏற்ற ஊதியம் என்று பெயரிட்டால் விலக்கு உண்டு. கம்பெனிகள் சும்மா இருக்குமா? பங்குகளை வாங்கும் உரிமையாக ஊதியத்தை அள்ளி வழங்கின. அந்த விலக்கு நீங்க 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 2013-ஆம் வருஷத்துச் சட்டமும் 11 சதவிகித வரம்பைக் காத்தது. 2018-இல் சர்க்காரின் அனுமதி தேவையில்லை என்றாகி, வரம்பு மீறும் கம்பெனிகளில் அதிகாரம் பங்குதாரரின் விசேஷத் தீர்மானத்தையே சார்ந்தது. அதற்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். லாபம் போதாத வருஷத்துக்காக டாட்டா மோட்டார்ஸ் நிர்வாகிகளுக்குக் கேட்ட ஊதியத்தை, 2014-இல் பங்குதாரர்கள் இந்தப் பலத்தைக் கொண்டே முதலில் நிராகரித்தார்கள்.

நமக்கு இன்னும் அருகிலுள்ளது 2021-ஆம் வருஷத்துச் சம்பவம். சென்னைப் பகுதியில் ராயல் என்பீல்டு வண்டிகளைச் செய்யும் ஐச்சர் மோட்டார்ஸ், ஸ்ரீ சித்தார்த்த லாலின் மறுநியமனத்தையும் ஊதியத்தையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவந்தது. ஸ்தாபகர் தரப்பிடம் ஏறக்குறையப் பாதிப் பங்கு இருந்தும் கிடைத்த ஆதரவு 73 சதவிகிதத்தை ஒட்டியே நின்றது, தீர்மானம் தோற்றது. மனிதர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, தொகைதான் உறுத்தியது என்பதே நமது அபிப்பிராயம். ஊதிய வரம்பை லாபத்தில் 3 சதவிகிதத்திலிருந்து 1.5 ஆகக் குறைத்துத் திரும்பக் கேட்ட பிறகே சம்மதம் கிடைத்தது.