மண்ணும் வலையும் பற்றிக்கொள்ளும் விதம்

மேலிருந்து வரும் அழுத்தத்தை மண் எளிதில் தாங்கும். ஆனால் இழுவிசைக்கு அது ஏறத்தாழ எதிர்ப்பே காட்டுவதில்லை என்பதால், பக்கப் பிடிமானமின்றிச் செங்குத்தாக உயர்த்தப்படும் மண்மேடு நிலைக்காமல் சரிகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை மண்ணுக்குள்ளும் ஒரு பொருள் செய்ய முடியும் என்பதை நவீனப் பொறியியலில் முறையாக நிறுவி, எஃகுப் பட்டைகளை அடுக்கடுக்காகப் பதிக்கும் முறைக்கு 1963இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சு நாட்டின் ஆன்றி விதால். கருத்து அதனினும் மிகப் பழையது. இராக்கின் அகர்கூஃபில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த செங்கல் கோபுரத்தில் நாணற்பாய்கள் இடையிடையே அடுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். எஃகின் இடத்தில் இன்று பெரிதும் பயன்படுபவை பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகியவற்றால் ஆன துணிகளும் (ஜியோடெக்ஸ்டைல்) கட்டம் கட்டமான வலைகளும் (ஜியோகிரிட்) ஆகும்.

இவற்றின் வலிமையை விட, மண் இவற்றை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதே, இவற்றைப் பதித்து எழுப்பும் சுவரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துணியைப் பொறுத்தவரை அந்தப் பிடி முழுவதும் உராய்வால் வருவது. மேலே கிடக்கும் மண்ணின் எடை கூடக்கூட, துணியின் இரு முகங்களிலும் உராய்வும் கூடும். வலையில் உராய்வுடன் இன்னொன்றும் சேர்கிறது: கண்களுக்குள் கற்களும் மணலும் புகுந்து அமர்வதால், வலை உருவப்படும்போது அதன் குறுக்கு விலாக்கள் எதிரேயுள்ள மண்ணை முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே வலைக் கண்ணின் அளவும் நிரப்பு மண்ணின் துகள் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், விலையுயர்ந்த வலையும் பாதிப் பயனே தரும்.

இதில் மிக நுட்பமான பகுதி, மண்ணின் செறிவு தொடர்பானது. நன்கு உருளையிட்டு இறுக்கிய மணலில் துகள்கள் நெருக்கமாகப் பொருந்தியிருப்பதால், அவை நகர வேண்டுமெனில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது அந்த மண் சற்றே விரிய முயல்கிறது. சுற்றியுள்ள மண் அந்த விரிவைத் தடுப்பதால், வலையின்மேல் விழும் அழுத்தம் மேலும் கூடி, உருவும் முயற்சியே பிடியை இறுக்கிவிடுகிறது. தளர்வாகக் கொட்டிய மண்ணில் இந்த விளைவு கிடைக்காது. இறுக்கும் வேலையில் காட்டப்படும் சிறு அலட்சியம்கூட வெளியே தெரியாமல் சுவரைப் பலவீனப்படுத்துவது இதனால்தான்.

சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணில், முகப்பை ஒட்டிய ஆப்பு வடிவப் பகுதி வெளியே சரியப் பார்க்கிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதி அசையாமல் நின்று, வலையின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. இழுவிசை உச்சமடைவது பெரும்பாலும் இவ்விரு பகுதிகளின் எல்லையை ஒட்டியே. அந்த எல்லைக்கு அப்பால் போதிய நீளம் பதிந்திருக்க வேண்டும் என்பதற்காக, வலையின் நீளம் சுவரின் உயரத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்ற விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. மேல் அடுக்குகளின்மீது மண்ணின் சுமை குறைவு என்பதால் அவை உருவி வரும் அபாயமும், பக்க அழுத்தம் மிகுந்த கீழ் அடுக்குகள் அறுந்துபோகும் அபாயமும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. பிளாஸ்டிக் பொருள்கள் நீடித்த இழுவிசையில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நீளக்கூடியவை. பதிக்கும்போது கற்களால் காயமும் படுகின்றன. இவற்றை முன்னிட்டு, ஆய்வகத்தில் கண்ட வலிமையின் ஒரு பகுதியை மட்டுமே வடிவமைப்பில் நம்புகிறார்கள்.

பிடிக்குப் பெரும் பகை தண்ணீர். துகள்களுக்கு இடையே தேங்கும் நீரின் அழுத்தம் அவை ஒன்றையொன்று அழுத்துவதைக் குறைப்பதோடு, சுவரையும் வெளியே தள்ளுகிறது. நீரை எளிதில் விடாத களிமண்ணைத் தவிர்த்து, மணலும் சரளையும் கலந்த மண்ணை நிரப்பி, வடிகாலும் அமைப்பது இதற்காகவே.

முறையாகக் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று, ஜப்பானின் கோபே நகரில் தனாதா என்னுமிடத்தில் இரயில் பாதைக்காக 1992இல் கட்டப்பட்ட சுவர். வலை பதித்த மண்மேட்டை முதலில் எழுப்பி, அது அமர்ந்த பிறகே கான்கிரீட் முகப்பை வார்க்கும் முறையில் அது அமைந்தது. 1995 சனவரி 17 அன்று வந்த நிலநடுக்கத்தில் சுற்றிலும் மரவீடுகள் இடிந்து விழுந்தபோதும், அந்தச் சுவர் சற்று வெளிப்புறம் நகர்ந்ததோடு நின்றது. அதன்பின் ஜப்பானிய இரயில்வே கட்டுமானங்களில் இம்முறை பரவலாக இடம்பெற்றது. நம் மேம்பாலங்களின் இரு முனைகளிலும் கான்கிரீட் பலகைகளால் எழும் சுவர்களும் மண்ணின் இதே பிடியை நம்பியே நிற்கின்றன; அவற்றைக் கட்டும்போது நிரப்பு மண்ணையும் அதன் இறுக்கத்தையும் வடிகாலையும் சோதிப்பது, வலையின் சான்றிதழைச் சோதிப்பதை விட அவசரமான கடமை.